நாடா பச்சையம்மா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். இப்போது ஆளாளுக்கு "நான்தான் முதல்ல கூப்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அத்தனையும் புளுகு. திருப்பதியில் பைபாஸ் ரோட்டு சைக்கிள் கடையில் பதினேழு வருடமாக ஸ்பேனர் பிடிக்கும் முனிகிருஷ்ணன், அதாவது நான், வாய்க்கொழுப்பில் வைத்த பெயர் அது. நல்ல எண்ணத்தில் வைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பச்சையம்மாள் நகரிக்காரி. வீடு முழுக்கப் பவர்லூம் சத்தம். அண்ணன்மார்கள் தறிக்குப் போனார்கள். இவளைப் பதினெட்டு வயதில் உள்பாவாடை தைக்கும் கம்பெனிக்கு அனுப்பினார்கள். அங்கே மெஷினில் தைக்கிறவர்களுக்கு நாற்காலி. தைத்து வந்த பாவாடைக்கு நாடா கோர்க்கிறவர்களுக்குத் தரை. நாடாவின் நுனியில் ஊக்கைக் குத்தி, இடுப்புப் பட்டிக்குள் ஒரு பக்கம் நுழைத்து, துணியைச் சுருக்கிச் சுருக்கி மறுபக்கம் எடுக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அதேதான். பதினோரு வருடம் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மெஷின் கேட்டபோதெல்லாம் "நாடாக்காரிக்கு எதுக்கும்மா மெஷினு?" என்று மேஸ்திரி சிரிப்பானாம். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் காலி மெஷினில் ஏறி உட்கார்ந்து, வெட்டிப்போட்ட துண்டுத் துணியில் தானே தைக்கக் கற்றுக்கொண்டாள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். முன்னமே தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேனா? சத்தியமாகச் சொல்ல முடியாது. என் வாய் அப்படி.

புருஷனுக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. கம்பெனி பஸ் திருப்பதியில் நிற்கும் என்பதால் குடும்பம் இங்கே வந்தது. எங்கள் முதலாளி ஹரிபிரசாத் சார் கடையின் மூலையில் ஒரு தையல் மெஷின் போட்டு அவளை வேலைக்கு வைத்தார். சைக்கிளில் மாட்டுகிற பை, சீட்டுக்கு உறை, இதெல்லாம் தைப்பாள். ஆறு மாதம் போனது. ஒருநாள் ஹேண்டில்பாருக்கு டேப் சுற்ற ஆளில்லை என்று அவளிடம் கொடுத்தார் சார். சுற்றினாள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு மடிப்பு இல்லை. அதற்குப் பிறகு வருகிற வாடிக்கையாளர்கள் என்னிடமே வந்து, "அண்ணா, டேப்பு மட்டும் அந்த அக்கா சுத்தட்டும்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கடுப்பில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, பையின் வாய்க்கு அவள் ஊக்கால் நாடா கோர்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "நம்ம கடையில ஹெட்டு மெக்கானிக் யாரு தெரியுமா? நானில்லப்பா! இதோ, நாடா பச்சையம்மா!" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஊக்கைக் கீழே வைத்தாள். முகம் செத்துப்போனது. நாலு நாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் நாள் வந்து நின்றாள்.

"அண்ணா, எனக்குப் பேரு கீது. அதச் சொல்லிக் கூப்புடு."

"தமாசுக்குச் சொன்னேம்மா. இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு..."

"பதினோரு வருசம் அந்தத் தமாச கேட்டுட்டுத்தான் வந்துகீறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் முன்னால் அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாமலும் இருந்ததில்லை.

இனி பிரித்திகா கதைக்கு வருகிறேன். பஸ் டிரைவர் மகள். பதினேழு வயது. சைக்கிளில் ஏறினால் இந்தப் பக்கம் அவளைப் பிடிக்க ஆளில்லை. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொகிலி மலைப்பாதையில் மாநில அணிக்கு ஆள் எடுக்கும் பந்தயம். பதினெட்டு வயதுக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும், அதனால் இது ஒன்றுதான் வாய்ப்பு. சனிக்கிழமை மாலை நாலு மணிக்குள் சித்தூரில் சைக்கிளைக் காட்டி, இரண்டு பிரேக்கும் பிடிக்கிறது என்று முத்திரை வாங்க வேண்டும். வாங்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ரோட்டோரம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை பயிற்சியில் நாய் குறுக்கே வந்து விழுந்துவிட்டாள். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்புதான். சைக்கிளுக்குத்தான் பெரிய அடி. பின் பிரேக் குழாய் லீவர் அருகில் நசுங்கிக் கிழிந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் சேர்ந்திருந்த சைக்கிள் கிளப்பில் அவள் உயரத்துக்கு வேறு சைக்கிளும் கிடையாது.

அந்தச் சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய சைக்கிளில் பிரேக் என்றால் கம்பி, கண்ணுக்கு முன்னால் தொங்கும். இதில் கம்பி கிடையாது. மெல்லிய குழாய், அதற்குள் எண்ணெய். லீவரை அழுத்தினால் எண்ணெய் நெட்டித் தள்ளும், சக்கரத்தில் இருக்கும் டிஸ்க்கை இரண்டு கட்டைகள் கவ்வும். அந்தக் குழாய் வெளியில் எங்கேயும் தெரியாது. ஹேண்டில்பாருக்குள் நுழைந்து, இரண்டு இடத்தில் மடங்கி, ஹேண்டில்பாரும் பிரேமும் சேருகிற கழுத்துக்குள் இறங்கி, பிரேமுக்குள்ளேயே ஓடி, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவு ஓட்டையில் தலை காட்டும். காற்று தடுக்காதாம், பார்க்க அழகாம். செய்த மகராசன் ரிப்பேர் பண்ணுகிறவனை ஒரு நிமிடம்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பிரித்திகா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணா, ஆவுமாண்ணா?"

"யார்கிட்ட கேக்கற? பத்து மணிக்கு வந்து எடுத்துக்கினு போ."

சொல்லிவிட்டுப் பழைய குழாயை ஒரே இழுப்பில் உருவி எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். மூலையில் பச்சையம்மாள் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் பார்த்த பார்வையில் மறுபடியும் தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

புதுக் குழாயை ஹேண்டில்பாரில் விட்டேன். முதல் மடிப்பில் முட்டியது. திருப்பி விட்டேன், முட்டியது. எண்ணெய் தடவி விட்டேன். அப்போதும் முட்டியது. சரி, காந்தம் இருக்கிறதே என்று எடுத்தேன். கம்பி நுனியில் ஒரு சின்னக் காந்தத்தை உள்ளே விட்டு, வெளியிலிருந்து பெரிய காந்தத்தால் நகர்த்திக்கொண்டே போகிற சாமான் அது. ஹேண்டில்பார் வரை நன்றாகத்தான் போனது. கழுத்துக்கு வந்ததும், அங்கே இரும்பு பேரிங் இருக்கிறது அல்லவா, அதில் போய் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது.

பத்து மணி போய், பதினொன்றும் போனது. பிரித்திகா ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஹரிபிரசாத் சார் எட்டிப் பார்த்தார்.

"முனி, அயிந்தா?"

"அவுதுந்தி சார், அவுதுந்தி." ஆகிறது, ஆகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு மண்ணும் ஆகவில்லை.

"வெளியவே கட்டிட்டா இன்னா?" என்று தமிழுக்கு மாறினார். பதற்றம் வந்தால் அவருக்குத் தமிழ் வந்துவிடும்.

"கட்டலாம் சார். பிரேமுக்குள்ள எங்கேர்ந்து நுழைக்கிறது? கழுத்து வழியாத் தவிர வேற ஓட்டையே இல்ல. பிரேமு கார்பன், அதுல டிரில் போட்டா சைக்கிளே போச்சு."

பிரித்திகா அழ ஆரம்பித்துவிட்டாள். சத்தம் போட்டு அழுதாலாவது பரவாயில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒன்றரை மணிக்குக் கடை வேன் கிளம்பினால்தான் நாலுக்குள் சித்தூர் போய்ச் சேர முடியும்.

தையல் மெஷின் நின்றது. பச்சையம்மாள் எழுந்து வந்தாள். குப்பைக் கூடையிலிருந்து பழைய குழாயை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"அண்ணா, இத ஏன் உருவுன?"

"கிழிஞ்சி போச்சி, உருவுனேன். வேற இன்னா பண்ணுவாங்க?"

"பழைய நாடாவ மாத்தணும்னா, அதோட வால்ல புது நாடாவ வச்சித் தெச்சிட்டுதான் இழுப்போம். பழசு வெளிய வரசொல்லோ புதுசு உள்ள போயிடும். உருவிட்டு அப்பறம் கோக்கறது யாருண்ணா? பொட்டப் புள்ளைங்க எல்லாத்துக்கும் தெரியுமே இது."

பதினாறு வருட அனுபவம் என்று மார்தட்டுகிறவன், பாவாடை கட்டுகிற எந்தப் பெண்ணும் செய்யாத தப்பைச் செய்திருக்கிறேன். காது சூடாகிவிட்டது.

"அதான் உருவியாச்சே! இப்ப இன்னா பண்றது, சொல்லு!"

"கத்தாத. தூசி இழுக்கிற மெஷின எடுத்துக்கினு வா."

கொண்டுவந்தேன். பட்டு நூல்கண்டை எடுத்தாள். நுனியில் பஞ்சைக் கிள்ளிக் கட்டினாள். லீவர் பக்கத்து ஓட்டையில் அந்தப் பஞ்சை வைத்தாள். என்னைப் பின்சக்கரத்து ஓட்டையில் மெஷினின் வாயை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். போட்டேன். நூல்கண்டு விர்ரென்று சுற்றியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பார்த்தால் நாலு சுற்றிலேயே நின்றுவிட்டது.

"காத்து எங்கெங்க பூருதோ அங்கெல்லாம் அடைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, டேப்பைக் கிழித்து மற்ற ஓட்டைகள் எல்லாவற்றையும் மூடினாள். இரண்டாம் தடவை கழுத்தில் சிக்கியது. மூன்றாம் தடவை மெஷினின் வாயை எடுத்துப் பார்த்தேன். பின்சக்கரத்து ஓட்டையில் பஞ்சு வெள்ளையாக எட்டிப் பார்த்தது. பிரித்திகா ஸ்டூலிலிருந்து குதித்தாள்.

"இருடி, இன்னும் குழாய் போவல" என்றாள் பச்சையம்மாள். ஆனால் அவள் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

பட்டு நூலின் வாலில் பைக்குப் போடுகிற உருண்டை நாடாவைத் தைத்து இழுத்தாள். ஆமாம், நாடாவேதான். அந்த விலையுயர்ந்த ஹேண்டில்பாருக்குள் உள்பாவாடை நாடா மாதிரி ஒரு நாடா போய்க்கொண்டிருந்தது. அடுத்து அந்த நாடாவின் வாலில் குழாயை மாட்ட வேண்டும். நான் முடிச்சுப் போடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"முடிச்சி போட்டா தடியாயிடும். மடிப்புல மாட்டும்."

ஊசியை லைட்டரில் சுட்டாள். குழாயின் சுவரில் குத்தி, வாய் வழியாக வெளியே எடுத்து, நாடாவோடு சேர்த்துத் தைத்தாள். பிரேக் குழாயை ஒருத்தி தைத்து நான் பார்த்ததே இல்லை. தைத்த நுனியைப் பிறகு வெட்டிவிடலாம், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. மேலே மெழுகைத் தடவி வழவழப்பாக்கினாள்.

"நான் இழுக்கசொல்லோ மட்டும் தள்ளு. நான் நிறுத்துனா நீயும் நிறுத்து."

அவள் பின்னால், நான் முன்னால். "தள்ளு... நிறுத்து... தள்ளு..." கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் எல்லாம் சுற்றி நின்றுகொண்டார்கள். ஹெட் மெக்கானிக் அவள் சொன்னபடி கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது மடிப்பில் குழாய் நின்றது. நான் பழக்கதோஷத்தில் அழுத்தப் போனேன்.

"அழுத்தாதண்ணா! குழாய் சுருட்டி வச்சிதான வந்துது? அதுக்கு ஒரு வளைவு கீது பாரு. ஹேண்டில்பாரு எந்தப் பக்கம் வளையுதோ அந்தப் பக்கம் வளைவ திருப்பு."

விரலில் வைத்து அரைச் சுற்றுத் திருப்பினேன். வழுக்கிக்கொண்டு போனது. அப்படியே கழுத்தைத் தாண்டியது, பிரேமுக்குள் இறங்கியது. பன்னிரண்டு நாற்பதுக்குப் பின்சக்கரத்து ஓட்டையில் கறுப்பாகத் தலை நீட்டியது. கடை முழுக்கக் கைதட்டல். ஹரிபிரசாத் சார் "அப்பா! அப்பா!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

நுனியை வெட்டி, இரண்டு பக்கமும் இணைத்து, ஊசிக்குழலால் எண்ணெய் ஏற்றியது நான். அது என் வேலை, அதில் என்னை யாரும் அசைக்க முடியாது. ஹேண்டில்பாரைத் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழி ஒன்று விடாமல் வெளியேற்றினேன். லீவரை அழுத்தினேன். பிறகு நகர்ந்து நின்றேன்.

"பச்சையம்மா, நீ அழுத்திப் பாரு."

தயங்கிக்கொண்டே வந்து அழுத்தினாள்.

"கல்லாட்டம் கீதுண்ணா."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. என் கண்ணிலும்தான். எண்ணெய் பட்டுவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன், யாரும் நம்பவில்லை. ஒன்று இருபத்தைந்துக்கு வேன் கிளம்பியது. பச்சையம்மாளையும் ஏற்றிக்கொண்டோம். வழியில் காணிப்பாக்கம் வந்தபோது சார் இறங்கிக் கும்பிட வேண்டும் என்றார். "வேனுக்குள்ளேருந்தே கும்புடுங்க சார், புள்ளையார் கோவிச்சிக்க மாட்டாரு" என்று நான் கத்தினேன். மூன்றே முக்காலுக்குச் சித்தூர். சோதனை செய்த ஆள் முன் லீவரை அழுத்தினார், பின் லீவரை அழுத்தினார், இன்னொரு தடவை பின் லீவரை அழுத்தினார், தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினார். பிரித்திகா ஓடிவந்து பச்சையம்மாளைக் கட்டிக்கொண்டாள். என்னை ஒருத்தரும் கட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை மலைப்பாதையின் மோசமான வளைவில் நானும் பச்சையம்மாளும் நின்றோம். ஒவ்வொரு பிள்ளையாகத் தனித்தனியாக இறங்கி வந்தார்கள். நேரம் பார்த்து முடிவு சொல்வார்கள். மற்றவர்கள் எல்லாம் வளைவுக்கு நூறு அடி முன்னாலேயே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பிரித்திகா வந்தாள். பிடிக்கவில்லை. இன்னும் பிடிக்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. "புடிடி! புடி!" என்று பச்சையம்மாள் அலறினாள். வளைவின் வாயில் வந்து பிடித்தாள். சக்கரம் வழுக்கவில்லை, கிறீச்சிடவில்லை. சாய்ந்தாள், திரும்பினாள், போயே போய்விட்டாள்.

பதினோரு விநாடி வித்தியாசத்தில் முதலிடம். மாநில அணியில் முதல் பெயர் அவளுடையது. மைக்கில் சொன்னபோது பச்சையம்மாள் போட்ட சத்தம் பலமநேர் வரை கேட்டிருக்கும். அவள் அப்பா, அந்த பஸ் டிரைவர், பச்சையம்மாளிடம் வந்து கைகூப்பினார். "உங்க கையில இருந்துது என் பொண்ணு உயிரும் பேரும்" என்றார். அவள் என்னைக் காட்டி, "அண்ணன்தான் எண்ணெ ஊத்துனாரு" என்றாள். அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. நான் அவளைக் கேலியாகச் சிரிக்கிற கூட்டத்தில் நிறுத்தினேன். அவள் என்னைக் கைதட்டுகிற கூட்டத்தில் நிறுத்துகிறாள்.

"பச்சையம்மா, அன்னிக்கு நான் வச்ச பேரு... தப்பும்மா. மன்னிச்சிக்க" என்றேன். எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன், கிண்டல் பண்ணியதும் எல்லோர் முன்னாலும்தானே.

"சரி வுடு" என்றாள். திரும்பும்போது காணிப்பாக்கத்தில் நிறுத்திச் சைக்கிளுக்குப் பூஜை போட்டோம். பூஜை போட்டவர் சந்தனக் கிண்ணத்தோடு சக்கரத்தை நோக்கிக் குனிந்தார். "சாமி! டிஸ்க்கு மேல மட்டும் வெக்காதீங்க, பிரேக்கு புடிக்காது!" என்று பாய்ந்து கையை நடுவில் விட்டாள் பச்சையம்மாள். பொட்டு ஹேண்டில்பாருக்குப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அன்று கடையில் சுற்றி நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஹேண்டில்பாருக்குள் குழாய் கோர்க்கிற வேலைக்கு இந்தப் பக்கம் 'நாடா' என்றே பெயர் வந்துவிட்டது. தெலுங்குப் பையன்கள்கூட "அக்கா, நாடா வேஸ்தாரா?" என்று, அதாவது நாடா போட்டுத் தருவீர்களா என்றுதான் கேட்கிறார்கள். காளஹஸ்தி, தடா, வேலூர் என்று எங்கிருந்தோ எல்லாம் சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று சைக்கிள் மாட்டுகிற தனி ஸ்டாண்டு போட்டுக் கொடுத்தார் சார். உயரமான நாற்காலியும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

போன வாரம் ஓசூரிலிருந்து ஒரு கடைக்காரர் போன் பண்ணினார். கடை நிறைய ஆட்கள். நான்தான் எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தேன்.

"அண்ணே, உங்க கடையில நாடா பச்சையம்மான்னு ஒருத்தங்க..."

எனக்குத் திக்கென்றது. "அவங்க பேரு பச்சையம்மாள்ங்க" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவள் நாற்காலியிலிருந்து கையை நீட்டி போனை எடுத்துக்கொண்டாள்.

"ஆமாங்க. நாடா பச்சையம்மாதான் பேசறேன். சொல்லுங்க. பழைய குழாய் உள்ளயே கீதா, உருவிட்டீங்களா?"

கடைக்காரர் குரல் இறங்கியது. "உருவிட்டோம்மா..."

"ஐயோ! உங்க கடையிலயும் ஒரு முனிண்ணா கீறாரா?"

கடையே சிரித்தது. பிரித்திகா அணிச் சட்டையோடு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். பம்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். உருவிவிட்டு முழிக்கிற வேலைக்கு இப்போது எங்கள் ஊரில் 'முனி' என்றே பெயர். "அண்ணா, என் சைக்கிள்ல ஒரு முனி ஆயிடுச்சி" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். கேலிக்கு ஆளானபோது அவள் நாலு நாள் பேசாமல் இருந்தாள். என்னால் நாலு நிமிடம்கூட மூஞ்சைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியவில்லை. நானும் சிரித்துவிட்டேன்.